வீட்டுக்காரர் கொடுத்த சைடு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருக்கிற ரோட்டை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இரண்டு பக்கமும் புளியமரம், மேற்கே மலை, என்ன அழகு என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள். சைக்கிளில் போனவர்களைக் கேளுங்கள். அவர்கள் மரத்தையும் சொல்ல மாட்டார்கள், மலையையும் சொல்ல மாட்டார்கள். தார் முடிகிற விளிம்பைப் பற்றித்தான் சொல்வார்கள்.

பழைய தாரைக் கிளறாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி ரோடு உயர்ந்துகொண்டே போனது. ஓரத்து மண் மழையில் கரைந்து தாழ்ந்துகொண்டே போனது. எண்பதுகளின் கடைசியில் இரண்டுக்கும் நடுவே முழுதாக ஒரு சாண் இறக்கம். பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிளோடு அந்த ஒரு சாணில் இறங்கிவிட வேண்டும். வண்டி போன பிறகு கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கித் தாரில் வைத்து மறுபடி ஏற வேண்டும். இதற்கு சைடு கொடுப்பது என்று பெயர். நாலு மைல் தூரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை கொடுப்போம்.

போலீஸ்காரர்களுக்கும் சைக்கிள் என்றால்தான் வீரம். விளக்கு இல்லை, டபுள்ஸ் போனாய் என்று நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். ஒற்றைக் கண்ணோடு வருகிற லாரியை அவர்கள் மறித்து நான் பார்த்ததில்லை. லாரிக்காரனிடம் பிடுங்க வேறு ஏதாவது இருந்திருக்கும்.

நான் ராஜபாளையம் பக்கத்து ஒரு நூற்பு மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ரோட்டோரத்தில். ஷிப்ட் எட்டு மணிக்கு. எட்டு ஐந்துக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். டவுன் பஸ் மில் வாசலுக்கு வந்து சேர எட்டேகால் ஆகும். தனியார் பஸ்கள் நடுவழியில் நிற்காது. ஆகவே சைக்கிள். அந்த ரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போன ஆண்கள் ஏராளம். பெண் என்றால் ரொம்ப காலம் நான் ஒருத்திதான். மில்லில் கொடுத்த நீலச் சேலையும், பச்சை நிற லேடீஸ் சைக்கிளும், ஹேண்டில்பாரில் தொங்குகிற தூக்குச்சட்டியுமாகப் போவேன். அரை மைலுக்கு அப்பால் வருகிறவனுக்கும் அது நான் என்று தெரியும்.

என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டூட்டி. விடியுமுன்னே வீட்டைவிட்டுக் கிளம்பி, விருதுநகரில் வண்டியை எடுத்து, காலை ஏழரை மணி வாக்கில் என்னைத் தாண்டி ராஜபாளையம் போவார். அவருக்கு மூன்று நிமிஷம் பின்னால் வேறு முதலாளியின் பஸ். முந்தினால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம் இவருக்கு, பிந்தினால் அவனுக்கு. அந்த மூன்று நிமிஷத்துக்குள் எங்கள் எல்லாருடைய கையும் காலும் அடக்கம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் என்னை அவரே வேலிக்கருவைக்குள் தள்ளினார். வேண்டுமென்று செய்யவில்லை. முன்னால் போகிற சைக்கிளில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கமே அப்போது அவருக்கு இல்லை. ஒரே ஹாரன், அடுத்த நொடி முழங்கைக்குப் பக்கத்தில் பஸ். நான் இறங்கவில்லை, விழுந்தேன். புளிச்சாதம் மண்ணோடு போயிற்று. முதுகில் முள். நிமிர்ந்து பார்த்தபோது பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. ஆயுத பூஜைக்கு நான் விளக்கிக் கொடுத்த பித்தளைத் தகடு அதில் இருந்தது.

மறுநாள் அவருக்கு ஓய்வு. முதுகைக் காட்டினேன்.

"நீதானா அது? ஏட்டி, ஹாரன் அடிச்சா எறங்க வேண்டியதுதான?"

"எறங்கத்தான் போனேன். எறங்குறதுக்கு நேரம் வேண்டாமா?"

"ஒவ்வொரு சைக்கிளுக்கும் பிரேக்க மிதிச்சா நான் ராசபாளையம் போய்ச் சேர பொழுது அடைஞ்சிரும். அம்புட்டு சைக்கிள் வருது. மண்ணுல எறங்குனா என்ன, தேஞ்சா போயிருவீங்க?"

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு பொங்கி வைத்தேன், சாப்பிடக் கூப்பிடவில்லை. அவர் தானாகப் போட்டுத் தின்றுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார். நாலாம் நாள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி ஒரு ஏற்பாடு சொன்னார்.

"இனிமே உன்னப் பாத்தா விட்டு விட்டு மூணு தடவை அடிப்பேன். மூணு அடிச்சா அது நான்தான். நீ எறங்காத, தார்லயே போ. நான் வலது பக்கம் ஒதுங்கிப் போயிருதேன். போதுமா?"

போதும் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பூரித்துப் போனேன். மற்றவர்களுக்கு எத்தனை தடவை அடிப்பீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். அது என் வாயில் வரவில்லை.

அடுத்த டூட்டி நாளில் மூன்று ஹாரன் கேட்டது. எனக்கு முன்னும் பின்னும் போன ஆண்கள் எல்லாரும் மண்ணில் இறங்கினார்கள். நான் மட்டும் தாரில் போனேன். அவ்வளவு பெரிய வண்டி என்னைச் சுற்றிக்கொண்டு, வலது சக்கரம் எதிர்ப் பக்கத்து மண்ணைத் தொடுகிற அளவுக்கு ஒதுங்கிப் போயிற்று. என்னைத் தாண்டியதும் மறுபடி இடது பக்கம் வந்து, முன்னால் போன சைக்கிள்காரர்களை வழக்கம்போல இறக்கியது. எங்கள் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தூக்கித் தாரில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ரோட்ட உங்க வீட்டுக்காரரு உன் பேருக்குப் பட்டா போட்டுட்டாரோ தாயி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒரு டிரைவர் இருந்தால் உயிரோடு போகலாம், இல்லாவிட்டால் மண்ணில் இறங்கு என்பதுதான் அந்த ரோட்டுச் சட்டம். நான் அந்தச் சட்டத்தோடு சண்டை போடவில்லை. எனக்கு ஒரு விலக்கு கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று. தொண்ணூறுகள் பிறந்த பிறகு, எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி எங்கள் டிபார்ட்மெண்டிலேயே சேர்ந்தாள். பத்தொன்பது வயசு. அப்பாவுக்கு இளைப்பு, வேலைக்குப் போக முடியாது. அம்மா வீட்டிலிருந்தே ஏதோ கைவேலை பார்த்தாள். இவள் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும். கை அப்படி ஒரு வேகம். நூல் அறுந்தால் நாங்கள் முனையைத் தேடுகிற நேரத்தில் அவள் முடிச்சுப் போட்டுக் கோனை ஓட விட்டிருப்பாள். ஆடி கழிந்ததும் நிரந்தரம் பண்ணிவிடுவோம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதைத் தினமும் என்னிடம் ஒரு தடவையாவது சொல்வாள். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு என் பின்னால் வருவாள்.

அவளிடம் மட்டும் நான் அந்த ஏற்பாட்டைச் சொன்னேன்.

"ஏட்டி, மூணு ஹாரன் கேட்டா எறங்கிராத. அது எங்க வீட்டு வண்டி. அவிய ஒதுங்கிப் போயிருவாக."

ஒரு பவுன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுப் பார்க்கக் கொடுக்கிற மாதிரி சொன்னேன். என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததால் அவளுக்கும் அந்த சைடு கிடைத்தது. அவர் எனக்காக ஒதுங்குகிறார், இவள் என் நிழலில் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது. அண்ணன் நம் இருவருக்கும் ஒதுங்குகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது ஆடி மாதம். மேற்கே இருந்து காற்று சைக்கிளோடு ஆளைத் தள்ளுகிற சமயம். ஒரு நாள் விடிந்த பிறகு எனக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. அவர் ஏற்கெனவே டூட்டிக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு அவள் வந்தாள். அவளுடைய சைக்கிளில் ரிம் வளைந்து கடையில் கிடக்கிறதாம்.

"அக்கா, நீங்க வரலைன்னா ஒங்க சைக்கிளக் குடுங்க. லீவு போட்டா மேஸ்திரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவாரு."

சாவியைக் கொடுத்தேன். நீலச் சேலை, பச்சை சைக்கிள், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

எட்டரை மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். எழுந்து திறந்தால் கார்டிங் பெரியவர். சட்டையெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார்.

"நீ இங்கயா இருக்க தாயி?"

"ஏன், எங்க இருக்கணும்?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடிபட்டுவிட்டது என்று என் வீட்டுக்குச் சொல்ல வந்திருக்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது. அவர் தூரத்தில் வந்திருக்கிறார். சைக்கிளைத்தான் பார்த்திருக்கிறார். கீழே கிடந்தவளின் முகத்தைப் பார்ப்பதற்குள் வேறு ஆட்கள் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"உயிரு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. கைதான் போச்சு. வலது கை மேல வண்டி ஒரசி, இழுத்துட்டுப் போயிருச்சு."

"எந்த வண்டி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க வண்டிதான். மூணு ஹாரன் கேட்டுச்சு. நாங்க எறங்கிட்டோம். அந்தப் பிள்ள எறங்கல. வண்டியும் வலது பக்கம் ஒதுங்குச்சு, நான் பாத்தேன். ஒதுங்கி பக்கத்துல வந்துட்டு, பொறவு இடது பக்கமா உள்ள திரும்பிருச்சு."

"எதுக்க லாரி கீரி வந்துச்சா?"

"ஒண்ணும் வரல தாயி. ரோடு காலியாக் கெடந்துச்சு."

டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடித்ததும் அங்கே நிற்க மாட்டார்கள், ஜனங்கள் பின்னி எடுத்துவிடுவார்கள் என்று பயம். நேராக ஸ்டேஷனில் போய் வண்டியை நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். முதலாளியின் ஆள் வந்து மற்றதைப் பார்த்துக்கொள்வான். இவரும் அப்படியே செய்திருக்கிறார். சாயங்காலம் வெயில் தாழ வீட்டுக்கு வந்தார். குளித்தார். ஈரத் துண்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"என்ன நடந்துச்சு?"

"உன் சைக்கிளு, உன் சேலை. நீன்னு நெனச்சு மூணு அடிச்சேன். ஒதுங்குனேன். பக்கத்துல வந்து பாத்தா நீ இல்ல."

"பொறவு?"

"பொறவு என்ன? நீ இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. பின்னால அவன் வண்டி வாரான். வேற ஆளுன்னா எறங்கிரும்லன்னு உள்ள எடுத்தேன். எல்லாரும் எறங்குறாங்கள்ல. இது எறங்கல."

தன் மேல் தப்பில்லை என்பதற்கு அதை ஒரு காரணமாகத்தான் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை. பொய்யும் இல்லை. பிரேக் பிடிக்கவில்லை, காற்று தள்ளியது என்று ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நம்பித் தொலைத்திருப்பேன்.

"நல்ல வேளை, நீ இல்ல" என்றார்.

நானும் அதில் சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் காலையில் அந்தப் பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தபோது, நான் இல்லை, நான் இல்லை என்று என் நெஞ்சுக்குள்ளும் ஒன்று அடித்துக்கொண்டது. அதனால் துப்பவில்லை. எழுந்து போய்க் கதவோரம் தனியாகப் பாயை விரித்தேன்.

மறுநாள் காய்ச்சலோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு முன்னால் முதலாளியின் ஆளும், அவளுடைய அப்பாவும் அங்கே இருந்தார்கள். சைக்கிளில் சென்றவர் கை காட்டாமல் திடீரென்று வலது பக்கம் திரும்பியதால் விபத்து என்று எழுதியாயிற்று. அவளுடைய அப்பா மூச்சு இளைக்க இளைக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொள்வாராம். அந்த அப்பாவுக்கு வேறு வழி இல்லை. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் காகிதத்தை அவ்வளவு சீக்கிரம் நீட்டினார்கள்.

"அவ திரும்பல. நேராத்தான் போயிருக்கா" என்றேன்.

ரைட்டர் பேனாவை வைக்காமல் கேட்டார். "நீ பாத்தியாம்மா?"

"பாக்கல. வீட்டுல படுத்திருந்தேன். அவ எறங்காம போனது ஏன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்." மூன்று ஹாரன் கதையை முழுதாகச் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப கேஸ ஒன் மேலதான் போடணும். ஹாரன் அடிச்சா எறங்காதன்னு ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்க. வீட்டுக்குப் போம்மா. புருஷனுக்கு எதிராச் சாட்சி சொல்ல வந்திருக்க."

அங்கிருந்து நேரே மில் வாசலுக்குப் போய் ஷிப்ட் விடுகிற வரை நின்றேன். பெரியவரிடம், நீங்கள் பார்த்ததை ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் நான் அந்த ரோட்டுலதாம்மா போவணும்" என்றார். அவர் மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

அவளுடைய மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்தது. முடிச்சுப் போட வரவில்லை. மில்லில் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பெருக்குகிற வேலை வேண்டுமானால் செய் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். நிரந்தரம் என்ற பேச்சையே மேஸ்திரி எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பதினைந்து நாளில் அதே வண்டியில், அதே டைமிங்கில் ஏறினார். நானும் அவரோடு குடும்பம் நடத்தினேன். விட்டுவிட்டு வந்திருந்தால் பெருமையாக எழுதலாம். வரவில்லை.

அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நான் விபத்து நடந்து நாலாம் நாள்தான் போனேன். அதுவரை காய்ச்சலைச் சாக்கு வைத்துக்கொண்டேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. அவள் அம்மா தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மகளுக்கு முகம் மலர்ந்தது. என் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, சைக்கிளு ரொம்ப நெளிஞ்சு போச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அது கெடக்கு."

"மூணு அடிச்சாரு. நீங்க சொன்ன மாதிரி நான் எறங்கல. தார்லயே நேராப் போனேன். கொஞ்சங்கூட ஆட்டல."

"தெரியும்."

"வண்டி பக்கத்துல வந்தப்ப தலையத் திருப்பிப் பாத்தேன். அண்ணனும் என்னப் பாத்தாரு. நம்ம அண்ணன்தானன்னு நான் சிரிச்சேன்." கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டும் ஏன்க்கா உள்ள வந்தாரு?"

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அம்மா அதைத்தான் எதிர்பார்த்து விசிறியை நிறுத்தியிருந்தாள். நாலு நாளாக எல்லாரும் இவளைப் பற்றிப் பொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளிடமே இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நான் இல்லைன்னு தெரிஞ்சதால" என்றேன்.

அவள் அழவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

"அவியளப் போகச் சொல்லும்மா."